ஜுகாட் என்னும் பாராட்டு

தாராவியைப் பற்றி எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை மூன்றாம் பக்கத்திற்குள் ஒரு சொல்லை வந்தடைந்துவிடுகின்றன: ஜுகாட். வட இந்தியக் கிராமங்களில் பம்புசெட் டீசல் எஞ்சினை ஒரு மரச்சட்டத்தில் ஏற்றி ஓட்டிய வண்டிக்கு வழங்கிய பெயர் அது. 2012இல் நவி ரட்ஜு, ஜெய்தீப் பிரபு, சிமோன் அஹுஜா ஆகியோர் எழுதிய ‘ஜுகாட் இன்னொவேஷன்’ வெளிவந்தபின் மேலாண்மைத் துறையில் அச்சொல் கோட்பாடாகவே உயர்ந்துவிட்டது. இன்று பட்டறையில் அமர்ந்து பழுது பார்க்கும் எவரையும் கல்வியாளர் பாராட்ட விரும்பினால் இச்சொல்லையே எடுக்கிறார். பாராட்டப்படுபவரிடம் அது பாராட்டா என்று ஒருவரும் கேட்பதில்லை.

தமிழில் இதற்கு நேரான சொல் உண்டு. ‘ஒப்பேற்றுதல்’. ‘எப்படியோ ஒப்பேத்திட்டான்’ என்று ஒரு மெக்கானிக்கைப் பற்றிச் சொன்னால் அவர் தலைநிமிர மாட்டார். மறுநாள் அந்தத் தெருவில் வேறு பட்டறைக்கு வண்டி போய்விடும் என்பதை உணர்ந்து கோபப்படுவார். தமிழ்ச் சொல்லில் வெளிப்படையாக நிற்கும் இகழ்ச்சி, இந்திச் சொல் ஆங்கிலப் புத்தக அட்டைக்குச் சென்று திரும்பி வரும்போது கழுவப்பட்டு விடுகிறது. அறுவை மருத்துவரை ஒப்பேற்றுபவர் என்று புகழும் கட்டுரை ஒன்றையும் காண முடியாது. பட்டறைக்கு மட்டும் அந்தப் புகழ் ஏன் ஒதுக்கப்பட்டது என்பதுதான் கேள்வி.

இக்கேள்வியைப் பொதுப்படையாக விவாதிப்பதில் பயனில்லை. பழுது அறிதல் என்பது என்ன வகையான அறிவுச்செயல் என்பதை ஒரு சிறிய பொருளில் வைத்துக் காண்பது நல்லது. உள்ளங்கையில் அடங்கும் மாதிரி விமான டீசல் எஞ்சின் அதற்குப் பொருத்தமானது. ஸ்விட்சர்லாந்தில் 1940களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்து, போருக்குப்பின் பிரிட்டனில் மில்ஸ் போன்ற பெயர்களில் பரவி, கொல்கத்தாவில் அரோரா என்ற பெயரில் உள்நாட்டிலேயே செய்யப்பட்ட எஞ்சின் வகை இது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானக் கலை பயிற்சியின் ஒரு பகுதி. ஆண்டுதோறும் நடக்கும் வாயு சைனிக் முகாமில் அதற்குப் போட்டியும் உண்டு. கம்பியில் கட்டிய விமானத்தைத் தம்மைச் சுற்றி வட்டமிடச் செய்த முன்னாள் மாணவர் படையினர் மும்பைக் கல்லூரிகளின் ஆசிரியர் அறைகளிலும் இருப்பார்கள். தாராவியில் இந்த எஞ்சினைப் பழுது பார்க்கிறார்கள் என்பதல்ல வாதம். கட்டுப்படுத்தும் பொறி இரண்டே கொண்ட ஒரு பொருளில் பழுதறிதலின் எலும்புக்கூடு தெளிவாகத் தெரியும் என்பதால் இது எடுத்துக்கொள்ளப்படுகிறது.

முதலில் பெயரே தவறு. ருடால்ஃப் டீசல் கருதிய எஞ்சினில் காற்று மட்டும் அமுக்கப்படும். சூடேறிய காற்றினுள் எரிபொருள் பீய்ச்சப்படும். மாதிரி எஞ்சினில் பீய்ச்சுதல் இல்லை. கார்புரேட்டரில் காற்றோடு கலந்த எரிபொருளே உள்ளே சென்று, பிஸ்டன் அமுக்க, தானே பற்றுகிறது. ஸ்பார்க் பிளக்கும் இல்லை, க்ளோ பிளக்கும் இல்லை. அதில் பெட்ரோல் பங்கில் வாங்கும் டீசலும் ஊற்றப்படுவதில்லை: ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் ஏறத்தாழச் சமபங்கு என்பது பழைய கலவை. மண்ணெண்ணெயைக் காட்டிலும் மிகக் குறைந்த வெப்பநிலையில் தானே பற்றுவது ஈதர். ஆற்றல் தருவது மண்ணெண்ணெய். தேய்மானத்தைத் தடுப்பது விளக்கெண்ணெய். சிலிண்டரின் தலைப்பகுதியில் கான்ட்ரா பிஸ்டன் என்ற சிறு அடைப்பு இருக்கும். மேலேயுள்ள திருகைத் திருகினால் அது கீழிறங்கி அமுக்கம் கூடும். அமுக்கம் கூடினால் கலவை முன்னதாகப் பற்றும். குறைந்தால் தாமதமாகப் பற்றும். பற்றும் நேரத்தைத் திருகு ஒன்றினால் மாற்றுகிற எஞ்சின் இது. முன்கூட்டிக் கலந்த கலவையை அமுக்கத்தால் மட்டும் பற்றவைத்து, பற்றும் நேரத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பது எப்படி என்பது எச்.சி.சி.ஐ. என்ற பெயரில் பல்கலைக்கழக ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளாக மல்லாடும் சிக்கல். அதே சிக்கலைப் பதினெட்டு வயது மாணவர் இரண்டு விரலால் கையாள்கிறார். ஆய்வகத்தில் நடந்தால் அது கட்டுப்பாட்டியல், மைதானத்தில் நடந்தால் கைப்பழக்கம் எனப் பிரிப்பது எந்த அளவுகோலின்படி என்பதை யாரும் விளக்கியதில்லை.

இந்த எஞ்சினின் பெயர்பெற்ற பழுது ஒன்று உண்டு. தரையில் கையில் பிடித்து ஓட்டும்போது குறையேதும் இல்லை. விமானம் எழுந்த சில நொடிகளில் திணறுகிறது, அல்லது விட்டுவிட்டு அடிக்கிறது, அல்லது மெல்லச் சோர்ந்து அடங்குகிறது. இறக்கி மீண்டும் தரையில் ஓட்டினால் பழையபடி நன்றாக ஓடுகிறது. நோயாளி மருத்துவமனை வாசலில் குணமாகிவிடுவது போன்ற நிலை. இங்கே பழுதறிபவர் கேட்கும் முதல் கேள்வி எஞ்சினில் என்ன கெட்டது என்பதல்ல. தரைக்கும் வானுக்கும் இடையே என்ன மாறியது என்பது. ஜுகாட் என்ற சொல்லுக்குள் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

மாறுவன சில. பறக்கத் தொடங்கியதும் புரொப்பல்லரின் மேல் உள்ள சுமை குறைந்து அதன் வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் பற்றுவதற்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. ஆகவே கலவை சற்று முன்னதாகப் பற்ற வேண்டும், அதாவது அமுக்கம் சற்றுக் கூடுதலாக வேண்டும். தரையில் மிகச் சரியாக வைக்கப்பட்ட திருகு வானில் போதாமல் போய் எஞ்சின் விட்டுவிட்டு அடிக்கும். எதிர்க்காற்று சிலிண்டரைக் குளிர்விப்பதும் இதே திசையில் தள்ளும். ஆனால் எதிர்த்திசையிலும் ஒரு காரணம் இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினைத் தொடங்கக் கூடுதல் அமுக்கம் தேவை; சூடேறியபின் அதைத் தளர்த்த வேண்டும். அவசரத்தில் தளர்த்தாமல் பறக்கவிட்டால், சூடேற ஏறக் கலவை மிக முன்னதாகப் பற்றி, மேலேறும் பிஸ்டனை எதிர்த்துத் தள்ளும். எஞ்சின் சுமை தூக்குபவர் போல முனகி வேகம் குறையும். முன்னதில் திருகை இறுக்க வேண்டும், பின்னதில் தளர்த்த வேண்டும். பார்ப்பவருக்கு இரண்டும் ‘மேலே போனால் சரியாக ஓடவில்லை’ என்ற ஒரே வாக்கியம். காதுக்கு மட்டுமே அவை வேறு: ஒன்று விடுபட்டு விடுபட்டு ஒலிப்பது, மற்றொன்று இடைவெளியின்றி அழுந்தி ஒலிப்பது.

இனி எரிபொருளின் பாதை. கம்பியில் கட்டிய விமானம் 15 மீட்டர் ஆரத்தில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சுற்றுவதாகக் கொண்டால் ஒரு சுற்றுக்கு ஐந்து நொடிக்கும் குறைவு. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 26.7, அதாவது புவியீர்ப்பைப்போல் 2.7 மடங்கு இழுப்பு எரிபொருளை வட்டத்தின் வெளிப்புறம் நோக்கித் தள்ளுகிறது. டேங்க், ஊசி வால்வை விட ஒரு சென்டிமீட்டர் வெளிப்புறமாக அமைந்திருந்தால், தரையில் அது ஒரு பொருட்டே அல்ல. வானில் அந்த ஒரு சென்டிமீட்டர் 2.7 சென்டிமீட்டர் உயரத்திற்கு எரிபொருளை உறிஞ்சி ஏற்றுவதற்குச் சமம். எஞ்சின் பட்டினி கிடக்கும். உட்புறமாக அமைந்திருந்தால் மாறாக வேண்டாத அளவு எரிபொருள் திணிக்கப்படும். எரிபொருளை எடுக்கும் குழாயின் முனை டேங்கின் வெளிப்பக்க மூலையில் இல்லாவிட்டால் அது காற்றைக் குடிக்கும். கட்டற்றுப் பறக்கும் விமானத்தில் சிக்கல் வேறு: மூக்கை உயர்த்தி ஏறும்போது பின்னால் உள்ள டேங்க் கீழாகிவிடுகிறது. எரிபொருள் குறையக் குறைய மட்டம் தாழ்ந்து பறத்தலின் கடைசிப் பகுதியில் மட்டும் சோர்வு தெரிவது இன்னொன்று. காற்றுக் குழாயின் முனையை டேங்கின் உள்ளே எடுப்புக் குழாயின் அருகே கொண்டுவந்தால் அது தீரும். வேதியியல் மாணவர் இதை மரியோட் புட்டி என்று படித்திருப்பார். படித்தவர்களில் எத்தனை பேர் ஒரு டேங்கைப் பார்த்து அதை அடையாளம் காண்பார்கள் என்பது தனிக் கேள்வி.

எஞ்சினுக்கும் டேங்குக்கும் வெளியேயும் பழுது இருக்கக்கூடும், அதுவும் மும்பையில். ஈதரின் கொதிநிலை 34.6 பாகை செல்சியஸ். மே மாத நண்பகலில் மைதானத்தில் மூடி சரியாக இறுகாமல் கிடந்த கலத்திலிருந்து முதலில் வெளியேறுவது ஈதர்தான். மிஞ்சுவது மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும். நிறம் அப்படியே இருக்கும், வாசனைகூடச் சற்று இருக்கும். காலையில் நன்றாக ஓடிய எஞ்சின் பிற்பகலில் பற்ற மறுக்கும். (இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை: ஈதர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து சென்று தொலைவிலுள்ள நெருப்பில் பற்றும், நாட்பட்ட புட்டியில் பெராக்சைடு சேர்ந்து வெடிக்கும் அபாயமும் உண்டு. இதை விளையாட்டாகக் கலப்பவர்கள் உண்மையில் இருக்கிறார்கள்.)

இப்போது ஒப்பேற்றுபவர் என்ன செய்வார்? திருகை இறுக்குவார். ஈதர் குறைந்த எரிபொருள் கூடுதல் அமுக்கத்தில் எப்படியோ பற்றும், எஞ்சின் ஓடும், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். சூடேறியதும் அதே அமுக்கம் மிகையாகும். கனெக்டிங் ராட் வளையும், அல்லது அதன் துளை நீள்வட்டமாகத் தேயும். வானில் பட்டினியால் சோரும் எஞ்சினுக்கும் இதே மருத்துவம்தான். கலவை மெலிந்ததால் விடுபடும் ஒலியை அமுக்கக் குறைவு எனக் கருதி இறுக்க இறுக்க, பழுது எரிபொருள் பாதையில் இருக்க, தண்டனை பிஸ்டனுக்குப் போகிறது. ஜுகாட் எனப் போற்றப்படும் மனநிலை இந்த எஞ்சினைக் கொல்லும் மனநிலை.

பழுதறிபவர் வேறு வழியில் போகிறார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுகிறார். ஊசியைச் சிறிது திறந்து பறக்கவிட்டு, வானில் எஞ்சின் தேறினால் பழுது எரிபொருள் பக்கம். தேறாமல் புகைத்து மந்தமானால் ஊசியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்திப் பார்க்கிறார். தளர்த்தியபின் திருகு விரலுக்கு லேசாக ஆடுகிறதா என்றும் பார்க்கிறார். ஆடினால் கான்ட்ரா பிஸ்டன் சூட்டில் இறுகி மேலெழாமல் நிற்கிறது, திருகு தளர்ந்தும் அமுக்கம் தளரவில்லை என்று பொருள். பின்மூடியின் இணைப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றினால் குமிழி வருகிறதா என்று காண்கிறார், ஏனெனில் இருவீச்சு எஞ்சினில் கிராங்க் பெட்டியே உறிஞ்சும் பம்பு. எடுகோள், அதிலிருந்து எதிர்பார்ப்பு, சோதனை, விலக்கல். முறையியல் வகுப்பில் இதே வரிசை கரும்பலகையில் எழுதப்படுகிறது.

அடுத்து வரும் மறுப்பு இன்னும் நாகரிகமானது. பட்டறை அறிவு உயர்ந்ததுதான், ஆனால் அது சொல்லில் அடங்காதது, உடலில் உறைந்தது என்பார்கள். மைக்கேல் போலான்யியின் பெயர் உடனே வரும். போலான்யி தம்மளவில் கவனமாகவே எழுதினார். விஞ்ஞானியின் அறிவுக்கும் அவர் அதே உட்கிடைத் தன்மையைக் கூறினார். அவருடைய கருத்தை இங்கே இறக்குமதி செய்பவர்கள் விஞ்ஞானியை வெளியே விட்டுவிட்டு மெக்கானிக்கை மட்டும் ஊமையாக்குகிறார்கள். மொழியியல் படித்தவர்கூட இதைத் திரும்பச் சொல்வது வேடிக்கை. ஏனெனில் மெக்கானிக் பேசிக்கொண்டே இருக்கிறார். கேட்பவர் பெயர்ச்சொற்களை மட்டும் கேட்டு, எல்லாம் ஆங்கிலக் கலப்பு என்று குறித்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்.

வினைமுற்றுகளைக் கேட்க வேண்டும். எந்தத் தமிழ்ப் பட்டறையிலும், இருசக்கர வாகனமோ பம்புசெட்டோ, கேட்கக்கூடிய மூன்று வடிவங்கள் போதும். ‘கீழ நல்லா ஓடுச்சாம்’. ‘ஏர் இழுத்திருக்கும்’. ‘ஏர் இழுக்குது’. முதலாவதில் ‘ஆம்’ என்ற விகுதி, செய்தி வண்டிக்காரருடையது, தான் அதற்குப் பொறுப்பல்ல என்று அறிவிக்கிறது. இரண்டாவதில் ‘-த்திருக்கும்’ என்ற வடிவம் எதிர்காலத்தைக் குறிப்பதே இல்லை. அடையாளங்களிலிருந்து பின்னோக்கிக் கணிக்கப்பட்ட, இன்னும் சோதிக்கப்படாத ஓர் எடுகோள் அது. குமிழியைக் கண்டபின்தான் மூன்றாவது வடிவம் வாயில் வருகிறது. கேள்விப்பட்டது, ஊகித்தது, கண்டது: ஆங்கிலத்தில் தனிச்சொற்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டிய வேறுபாட்டைத் தமிழ் வினைவிகுதியிலேயே வைத்திருக்கிறது, மெக்கானிக் அதைத் தவறாமல் பயன்படுத்துகிறார். ‘ஏர்’ என்பது ஆங்கிலம் என்ற புகாரில் இந்த முழுக் கட்டமைப்பும் மறைந்துபோகிறது. ‘காற்று’ என்று மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என நம்பும் கலைச்சொல் ஆர்வலர்களும் இதே பிழையின் மறுபக்கம்தான். அறிவியல் தமிழ் என்றால் பெயர்ச்சொல் அகராதி என்ற எண்ணம் இரு தரப்புக்கும் பொது. நல்ல கலைச்சொல் தேவையில்லை என்பது இதன் பொருளல்ல. அழுத்தம் வேறு, அமுக்கம் வேறு என்று பிரித்துச் சொல்ல முடிவது உண்மையான பயன்.

மும்பையின் நிலவரையியல் இந்தப் பிரிவினையை அப்படியே வரைந்து வைத்திருக்கிறது. மாட்டுங்காவில் 1923 முதல் வி.ஜே.டி.ஐ. இருக்கிறது, 1933இல் தொடங்கிய வேதித் தொழில்நுட்பத் துறை இன்று தனி நிறுவனமாக அதே மாட்டுங்காவில் இருக்கிறது. செம்பூரை ஒட்டிய மாகுலில் 1950களின் நடுப்பகுதியில் எழுந்த இரு சுத்திகரிப்பு ஆலைகள் நகரத்துக்கு மண்ணெண்ணெய் தந்தவை. தாராவியில் கடைசல் இயந்திரங்களும் வார்ப்பு வேலையும் தோல் பட்டறைகளும். மூன்று இடங்களிலும் தமிழர் உண்டு. எழுத்தர்களாகவும் பொறியாளர்களாகவும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறியவர்களுக்கும், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் வேலைக்கு வந்து தாராவியில் தங்கியவர்களுக்கும் இடையே இருந்தது ரயில் பாதை மட்டுமல்ல, சாதியும்தான். கையால் அறிவது ஒரு சாதியின் தொழில், வாயால் அறிவது இன்னொரு சாதியின் கல்வி என்ற பழைய ஏற்பாட்டுக்கு ஜுகாட் என்ற சொல் புதிய சட்டை தைத்துக் கொடுக்கிறது. உன் கை அற்புதமானது என்று புகழ்வதன் மூலம் உனக்குத் தலை தேவையில்லை என்று சொல்லிவிட முடிகிறது.

கல்லூரியின் பக்கம் பார்த்தாலும் நிலைமை பெருமைப்படத்தக்கதாக இல்லை. பொறியியல் மாணவர் எஞ்சின் ஆய்வகத்தில் மோர்ஸ் சோதனை செய்கிறார், வெப்பச் சமநிலை அட்டவணை நிரப்புகிறார். நல்ல எஞ்சினில் எதிர்பார்த்த விடை வரும்வரை அளக்கிறார். கெட்ட எஞ்சின் ஒன்றைக் கொடுத்து, ஏன் கெட்டது என்று எழுது, எதை விலக்கினாய் என்றும் எழுது எனக் கேட்கும் தேர்வு அரிதிலும் அரிது. வாய்மொழித் தேர்வில் அமுக்க விகிதத்தின் வரையறை கேட்கப்படும். அமுக்கம் கூடினால் பற்றும் நேரம் என்னவாகும் என்பது கேட்கப்படுவதில்லை. 2015 ஜனவரியில் மும்பைப் பல்கலைக்கழகத்தில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் பண்டைய விமானங்களைப் பற்றிய உரைக்கு மேடை கிடைத்தது. அந்த விமானங்களில் எதுவும் வானில் திணறியதாகச் செய்தி இல்லை. பழுதே ஆகாத இயந்திரம் புராணத்தில் மட்டும்தான் இருக்க முடியும் என்பதைக் கண்டுகொள்ளப் பழுது பார்த்த பழக்கம் வேண்டும்.

இப்போது எல்லாம் மின்மோட்டார்தானே, ஈதர் கலக்கும் எஞ்சினைப் பற்றிப் பேசுவது பழமைப் பித்து அல்லவா என்று கேட்கலாம். மாதிரி விமானத்தில் மின்மோட்டார் வென்றுவிட்டது என்பது உண்மை. பேட்டரி அளிக்கும் மின்னழுத்தம் தரையில் சரியாக இருந்து வானில் சுமையேறும்போது சரிவதும் உண்மை. கேள்வி மாறவில்லை.

சொல்லைப் பற்றி இவ்வளவு சச்சரவு தேவையா என்போர் தாராவியில் இப்போது நடப்பதைப் பார்க்க வேண்டும். மறுசீரமைப்புத் திட்டத்திற்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. அதற்கென அமைந்த நிறுவனத்தில் 80 விழுக்காடு குழுமத்துக்கும் 20 விழுக்காடு மாநில அரசுக்கும் உரியது. யாருக்கு எங்கே எத்தனை சதுர அடி என்ற கணக்கில் பட்டறைகளின் எதிர்காலமும் முடிவாகிறது. ஜுகாட் என்பது எங்கே தூக்கிப் போட்டாலும் முளைக்கும் மனிதச் சாமர்த்தியம் என்றால், பட்டறையை எங்கே மாற்றினாலும் இழப்பில்லை. எதையோ வைத்து எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். பழுதறிதல் அப்படி எங்கும் முளைப்பதல்ல. வளைந்த ராடைக் கண்டறிந்தவர் அதற்கான புஷ்ஷைக் கடைந்து தர அடுத்த சந்தில் ஒருவர் இருந்தால்தான் தன் ஊகத்தை அன்றே சோதிக்க முடியும். வார்ப்பவரும் கடைபவரும் பொருத்துபவரும் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கும் தொலைவில் இருப்பது அந்தச் சோதனைக்கூடத்தின் அமைப்பு. கணக்கெடுப்புப் படிவத்தில் அதற்கு ஒரு பத்தி இல்லாமல் போவதற்கு, ஆய்வுக் கட்டுரைகளில் அதற்கு ஒரு பெயர் இல்லாமல் போனதும் ஒரு காரணம். அந்தக் கட்டுரைகளை எழுதியவர்களில் தமிழ் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ‘இழுத்திருக்கும்’ என்பதற்கும் ‘இழுக்குது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.